எறும்புக்குப் போன எள்

நான்கு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பி, பால்கனிக் கதவைத் திறந்தேன். தரையில் எறும்பு வரிசை. ஒவ்வொன்றும் தன் தலையைவிடப் பெரிய வெளிர் மணி ஒன்றைக் கவ்விக்கொண்டு சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது, அது என் எள்.

தொட்டிகளில் பதினோரு எள் செடி வைத்திருந்தேன். எண்ணெய்க்காக இல்லை. எண்ணெய் வித்துப் பயிர்களில் விதை உதிர்வது பற்றிக் கொஞ்ச காலமாகவே படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். பார்த்துவிட்டேன். அடித்தண்டில் இருந்த காய்கள் காய்ந்து, நுனியில் வாயைப் பிளந்து, வானத்தைப் பார்த்து நின்றன. நடுத்தண்டில் பச்சைக் காய்கள். உச்சியில் இரண்டு பூ வேறு.

ஒரே செடியில் ஒரு பக்கம் விதை கொட்டுகிறது, இன்னொரு பக்கம் பூ பூக்கிறது. எந்த நாளில் அறுப்பது? முன்னால் அறுத்தால் மேலே இருப்பது முற்றாது. பின்னால் அறுத்தால் கீழே இருந்தது எறும்புக்கு. இதில் கசப்பான விஷயம், முதலில் உதிர்வது முதலில் காய்த்த காய். அதாவது நன்றாக ஊட்டம் பெற்று முற்றிய விதை. செடி கொடுத்ததிலேயே நல்லதைத்தான் நாம் தரையில் விடுகிறோம்.

வெடிக்காத ஒரு பச்சைக் காயை நகத்தால் பிளந்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். உள்ளே நான்கு அறை. ஒவ்வொன்றிலும் விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த தட்டுகள் போல. எண்ணினால் 68. பக்கத்தில் வாய் திறந்திருந்த காயில் மிச்சம் ஒன்பது. ஒன்று கவனித்தேன். காய் நிமிர்ந்து நிற்கும்வரை, வாய் திறந்திருந்தாலும் விதை உள்ளேயே இருக்கிறது. தண்டை லேசாகச் சாய்த்தால் போதும், உப்பு டப்பாவைக் கவிழ்த்தது போல் கொட்டிவிடுகிறது. காற்றுக்குத் தேவையானதும் அந்தச் சாய்வு மட்டும்தான்.

இதைச் செடியின் குறை என்று சொல்வது அநியாயம். விதையைச் சிதறடிக்கத்தான் காயே இருக்கிறது. கையில் பை வைத்துக்கொண்டு நாம் வந்து நின்ற பிறகுதான் அது ‘இழப்பு’ ஆனது. கோதுமை, நெல் போன்ற தானியங்களில் இந்த வழக்கை மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, தெரியாமலேயே தீர்த்துவிட்டார்கள். உதிரும் செடியின் மணி தரையில் போயிற்று. உதிராத செடியின் மணி வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததுதான் அடுத்த விதைப்பு. யாரும் திட்டமிடாமலேயே உதிராத குணம் வென்றது.

அப்படியென்றால் எள் ஏன் தப்பியது? அதுவும் பழைய பயிர்தானே?

நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கான பதில். எள்ளை யாரும் வெடிக்கும்வரை விட்டுவைக்கவில்லை. காய் மஞ்சளாகும்போதே செடியை அறுத்து, கட்டாகக் கட்டி, நிமிர்த்திச் சாய்த்துவைத்துக் காய விடுவார்கள். காய்கள் வெடிக்கும், ஆனால் நிமிர்ந்திருப்பதால் கொட்டாது. பிறகு கட்டைத் துணிமேல் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் வேலை முடிந்தது. அடிக்க வேண்டாம், மிதிக்க வேண்டாம். வெடிக்கும் குணம்தான் அங்கே கதிரடிக்கும் கருவி. கையால் அறுப்பவருக்கு வெடிக்காத எள் ஒரு தொல்லை. அதை ஏன் அவர் தேர்ந்தெடுக்கப் போகிறார்? கை அறுவடை நடந்தவரை காய் வெடிப்பது வரம். இயந்திரம் வயலுக்குள் வந்ததும் அதுவே சாபமாகிவிட்டது. செடி மாறவே இல்லை. இன்றும் உலகில் விளையும் எள்ளில் மிகப் பெரும்பகுதி கையால்தான் அறுக்கப்படுகிறது என்பதற்குக் காரணம் இந்த ஒரு குணம்.

1943ல் வெனிசுவேலாவில் எள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டி. ஜி. லாங்ஹம் என்ற மரபியலாளர், காய் வெடிக்காத ஒரு செடியைக் கண்டார். இயற்கையாக நேர்ந்த மரபணு மாற்றம். ஒரே ஒரு ஒடுங்கு மரபணு; தாய், தந்தை இரண்டு வழியிலும் வந்தால் காய் மூடியே இருக்கும். அந்த நாளில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரே மரபணு என்றால் கலப்புச் செய்பவருக்குக் கொண்டாட்டம்; நல்ல ரகத்தோடு கலந்து, பேரப்பிள்ளைகளில் மூடிய காய் உள்ளவற்றைப் பொறுக்கினால் போதும்.

ஆனால் அந்த மரபணு தனியாக வரவில்லை, சீர்வரிசையோடு வந்தது. இலை கிண்ணம்போலச் சுருண்டது. தண்டு முறுக்கிக்கொண்டது. காய் குட்டையானது. பாதி மலட்டுத்தன்மை, அதனால் மகசூல் குறைவு. எல்லாவற்றையும்விடப் பெரிய கேலி, காய் மிக உறுதியாக மூடிக்கொண்டதால் இயந்திரத்தில் பலமாக அடித்துத்தான் திறக்க முடிந்தது. எள்ளின் தோல் மெல்லியது. அடிபட்டுத் தோல் கிழிந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்க ஆரம்பிக்கும். உதிர்ந்து போனதை மீட்கப் போய், கிடைத்ததையும் கெடுத்த கதை.

எள்ளுக்கு ஏழு உழவு என்பார்கள். பயிர் மேம்பாட்டிலும் அது பெரும்பாடு வாங்கியிருக்கிறது. முழுக்க மூடுவது சரிப்படாது என்று தெரிந்த பிறகு பாதை மாறியது. லாங்ஹமின் மகன் ரே லாங்ஹம், அமெரிக்காவில் சீசாகோ நிறுவனத்தில் பல்லாண்டு உழைத்து வேறொரு வழியில் போனார். அவருடைய எள்ளில் காய் நுனியில் கொஞ்சம் திறக்கும். ஈரம் வெளியேறி விதை காயும். ஆனால் விதை தன் காம்புப் பிடியை எளிதில் விடாது. அறைகளுக்கிடையேயான சவ்வும் காயின் இடுக்கமான வடிவமும் சேர்ந்து அதைப் பிடித்துவைக்கும். இயந்திரம் தட்டும்போது உதிரும். கதவைச் சாத்துவதற்குப் பதில், உள்ளே இருப்பவரைக் கொஞ்சம் உட்காரவைத்தார் என்று சொல்லலாம். பழைய குணம் ஒரே மரபணு. இதுவோ பல சின்னச் சின்னக் குணங்களின் கூட்டு. அதனால் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அழகாகப் படுகிறது, மெதுவாக இருந்தாலும்.

எள்ளில் இந்தத் தடுமாற்றம் என்றால், கனோலாவில் கதை ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குகிறது. கனோலா, கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்துப் பயிர். காய் என்பது நீளமான இரண்டு ஓடுகள், நடுவில் ஒரு சட்டம், அதன் இருபுறமும் விதைகள். ஓடும் சட்டமும் சேரும் விளிம்பில் சில செல்கள் அளவே அகலமுள்ள ஒரு கோடு ஓடுகிறது. விஷயம் முழுக்க அந்தக் கோட்டில்தான். அதில் இரண்டு வகைச் செல்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று மரத்தன்மை ஏறிக் கெட்டிப்படும். மற்றொன்று பிரியும் அடுக்கு. காய் முற்றும்போது இந்தப் பிரியும் அடுக்கில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையை நொதிகள் கரைத்துவிடும். அதே நேரம் ஓடு காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்பக்கத்துக் கெட்டி அடுக்கு சுருங்க மறுக்கும். வில்லை வளைத்துப் பிடித்தது போல் ஓட்டில் இழுவிசை ஏறும். பசையும் கரைந்து, வில்லும் வளைந்து நிற்கும் நேரத்தில் ஒரு கிளை இன்னொன்றில் உரசினால் போதும், இரண்டு ஓடும் கழன்றுவிடும்.

இந்தக் கோட்டைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அராபிடாப்சிஸ் என்ற களைச்செடியிலிருந்து வந்தது. அதுவும் கடுகு குடும்பமே. கனோலாவின் ஏழை உறவு. 2000ல் சான் டியேகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் யனோஃப்ஸ்கியின் ஆய்வுக்குழு, ஷாட்டர்ப்ரூஃப் என்ற இரட்டை மரபணுக்களைப் பற்றி எழுதியது. ஒன்றைக் கெடுத்தால் செடியில் எந்த மாற்றமும் தெரியாது. மற்றதை மட்டும் கெடுத்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கெடுத்தால் காய் வெடிப்பதில்லை. ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்க்கிற அலுவலகம் மாதிரி. ஒவ்வொரு மரபணுவாகக் கெடுத்துப் பார்க்கும் முறையில் இப்படிப்பட்ட ஜோடி அகப்படவே அகப்படாது.

பெயர் வைக்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மரபணுவுக்கு, அது கெட்டால் என்ன ஆகுமோ அதையே பெயராக வைப்பார்கள். அதனால்தான் காயை வெடிக்கவைக்கும் மரபணுவுக்கு ‘வெடிக்காதது’ என்று பெயர். முதலில் படிக்கும்போது தலை சுற்றும். இந்தக் கூட்டத்தில் இன்னொன்றின் பெயர் அல்காட்ராஸ். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருந்த, தப்பவே முடியாது என்று பேர்பெற்ற சிறை. அந்த மரபணு கெட்டால் விதை உள்ளே கைதியாகிவிடுகிறது என்று குறும்பு. நம் காரியத்துக்கு முக்கியமானது இண்டிஹிசென்ட், சுருக்கமாக இண்ட். விளிம்புக் கோட்டையே அமைக்கும் மேஸ்திரி அது. ஷாட்டர்ப்ரூஃப் இரட்டையர் அதற்கு மேல் அதிகாரிகள். ஃப்ரூட்ஃபுல் என்ற வேறொரு மரபணு, இவர்கள் யாரும் விளிம்பைத் தாண்டி ஓட்டுக்குள் வராமல் தடுக்கும் காவல்காரர்.

சரி, காவல்காரரின் கையை ஓங்கவைத்தால்? 2006ல் அதைக் கடுகில் செய்து பார்த்தார்கள். ஃப்ரூட்ஃபுல் எல்லா இடத்திலும் வேலை செய்யும்படி மாற்றியதும், விளிம்புக் கோடே உருவாகவில்லை. காய் வெடிக்கவில்லை. வெற்றி! ஆனால் காயை உடைத்து விதையை எடுக்கத் தேவைப்பட்ட விசை மிக அதிகம். எள்ளில் அறுபது ஆண்டுக்கு முன் பார்த்த அதே சுவர், இப்போது மூலக்கூறு அறிவியலின் வழியாக.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘எப்படி மூடுவது’ இல்லை, ‘எவ்வளவு மூடுவது’. காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் கிளை உரசலுக்கும் மசியக் கூடாது. இயந்திரத்தின் உருளைக்கு மசிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு, அதற்குள் போய் நிற்க வேண்டும். கனோலாவில் இதற்கு ஒரு வசதியும் தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன. அது இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்த செடி; முட்டைக்கோசு இனத்தின் மரபுத்தொகுதி முழுதாக ஒன்று, டர்னிப் இனத்தின் மரபுத்தொகுதி முழுதாக ஒன்று. எனவே இண்ட் மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று கெட்டால் மற்றது சமாளித்துவிடும். குணம் வெளியே வராது. தொல்லை அது. வசதி என்னவென்றால், இரண்டையும் முழுக்க ஒழிக்காமல், வேலையை அரைகுறையாகச் செய்யும் வடிவங்களைத் தேடிச் சேர்க்கலாம். சோம்பேறி மேஸ்திரி இரண்டு பேரை வேலைக்கு வைப்பது போல. கோடு விழும், ஆனால் முழுமையாக விழாது. காய் பிளக்கும், ஆனால் சுலபமாகப் பிளக்காது. வேதிப்பொருளால் விதைகளில் மாற்றங்களைத் தூண்டி, ஆயிரக்கணக்கான செடிகளில் இந்த மரபணுவை மட்டும் வாசித்துத் தேடுவது ஒரு வழி. மரபணுவைக் குறிவைத்துத் திருத்தும் கிறிஸ்பர் இன்னொரு வழி. 2017ல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில், கிறிஸ்பருக்கு இலக்கைக் காட்டும் ஒரே வழிகாட்டி மூலக்கூறால் கனோலாவின் அல்காட்ராஸ் பிரதிகள் இரண்டையும் ஒரு சேர மாற்றிக் காட்டினார்கள். காய் பஞ்சுபோல உப்பி, வெடிக்கவே வெடிக்காத முள்ளங்கியிடமிருந்து அந்தக் குணத்தைக் கலப்பு மூலம் கடன் வாங்கியவர்களும் உண்டு.

‘எவ்வளவு’ என்று கேட்டுவிட்டால் அளக்க வேண்டும். வயலில் அளப்பது நம்பிக்கையானது, ஆனால் காற்று சொன்னபடி கேட்காது. ஒரு வருடம் புயல், மறு வருடம் அமைதி. அதனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்த 20 முற்றிய காய்களை ஓர் உருளை டப்பாவில் போட்டு, கூடவே சில எஃகு குண்டுகளையும் போட்டு, இயந்திரத்தில் குலுக்குவார்கள். சில விநாடி குலுக்கி நிறுத்தி, உடைந்ததை எண்ணி, மறுபடி குலுக்கி, மறுபடி எண்ணி... பாதிக் காய் உடைய எத்தனை விநாடி ஆயிற்று என்பதுதான் அந்த ரகத்தின் மதிப்பெண். கேட்கக் குழந்தை விளையாட்டு போல் இருக்கும், ஆனால் ஈரப்பதம் கொஞ்சம் மாறினாலே முடிவு தலைகீழாகிவிடும். பனி படிந்த விடியற்காலையில் அறுத்தால் உதிர்வு குறைவு என்று உழவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் இதே காரணத்தால்தான். ஈரமான ஓட்டில் வில் தளர்ந்திருக்கும்.

இவ்வளவு மெனக்கெடலும் எதற்கு? கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் உழவர்களின் கனோலா வயல்களில் அறுவடைக்குப் பின் தரையில் கிடந்த விதையை அளந்து 2003ல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரியாக மகசூலில் 5.9 விழுக்காடு, ஹெக்டேருக்கு 107 கிலோ. ஆறு விழுக்காடுதானே என்று தோன்றும். எண்ணிக்கையில் பாருங்கள்: சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3,000 உயிருள்ள விதைகள். உழவர் விதைப்பதைப் போல் இருபது மடங்கு. விற்கப் போகாத ஒரு பெரும் விதைப்பு, யாரும் கேட்காமலேயே நடந்துவிடுகிறது. அந்த விதை சும்மாவும் இருக்காது. இருட்டிலும் வறட்சியிலும் புதைந்தால் மறுபடி உறக்கத்துக்குப் போய்விடும் குணம் கனோலாவுக்கு உண்டு. பல ஆண்டு கழித்து, அதே வயலில் வேறு பயிர் நிற்கும்போது, நடுவில் களையாக எழுந்து நிற்கும். உதிர்வைக் குறைப்பது மகசூல் விஷயம் மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான்.

உதிர்வுக்குப் பயந்து கனோலாவை முற்றும் முன்பே அறுத்து வரிசையாகக் கிடத்தி, காய்ந்த பிறகு இயந்திரத்தால் எடுப்பது நெடுநாள் பழக்கம். முதன்மைத் தண்டின் விதைகளில் 60 விழுக்காடு வரை நிறம் மாறியதும் அறுப்பது கனடாவில் பரிந்துரைக்கும் கணக்கு. சீக்கிரம் அறுத்தால் விதை சிறுத்து, பச்சையம் நின்று, எண்ணெயின் நிறம் கெடும். வெடிக்காத ரகம் வந்ததும் உழவருக்குக் கிடைத்தது சில நாள் அவகாசம். நின்ற நிலையிலேயே முற்றவிட்டு நேரடியாக அறுக்கலாம்; ஒரு வேலை மிச்சம். பயிர் மேம்பாட்டாளர்கள் கொடுத்த பரிசில் விதையைவிட இந்த நாட்கள்தான் பெரிது என்பது என் கட்சி.

மற்றப் பயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோயாவில் காய்ச்சுவர் காயும்போது திருகிக்கொள்ளும்; அந்தத் திருகல் விசைதான் வெடிப்பு. பிடிஎச்1 என்ற மரபணு உள்சுவரில் மரப்பொருள் படிய உதவி, திருகலைக் கூட்டுகிறது. அது செயலிழந்த வடிவம் உள்ள ரகங்கள் வறண்ட நிலத்திலும் காயைப் பிடித்துவைத்ததால் சோயா உலகின் வறண்ட பகுதிகளுக்குப் பரவ முடிந்தது என்று 2014ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிலக்கடலையில் வெடிப்பு என்ற பேச்சே இல்லை, காய் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே இழப்பு வேறு ரூபத்தில் வரும்: முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், கொத்து வகைக் கடலை பிடுங்கும் முன்பே மண்ணிலேயே முளைத்துவிடும். கொடி வகைகளிடம் உள்ள விதை உறக்கத்தை, இரண்டு மூன்று வாரம் மட்டும் நீடிக்கும் அளவுக்கு, இவற்றில் ஏற்றுகிறார்கள். அதிகமாக ஏற்றினால் அடுத்த விதைப்பில் முளைக்காது. இங்கேயும் அதே ‘எவ்வளவு’.

அப்புறம், என் தொட்டிகள். இரண்டாம் முறை விதைத்தபோது ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு செடியிலிருந்தும் வாய் திறந்த ஐந்து காய்களை நிமிர்ந்தபடியே நறுக்கி, வெள்ளைத் தாளின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, தாளின் ஓரத்தை மூன்று தட்டு தட்டினேன். பெரும்பாலானவை சொட்டு மிச்சம் வைக்காமல் கொட்டின. ஏழாம் செடியின் காய்கள் மட்டும் பாதிக்கு மேல் பிடித்துவைத்திருந்தன. ஒரு காயில் 31 விதை நின்றது. உடனே மனம் 1943க்குப் போய்விட்டது. எள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும், எனவே குணம் அவ்வளவாகக் கலையாது என்று கணக்குப் போட்டு, அந்த விதையைத் தனி உறையில் போட்டு ‘7’ என்று எழுதி ஒட்டினேன்.

எழுதி முடித்த பிறகுதான் தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தேன். சுவர் மூலை. காற்றும் படாது, மதிய வெயிலும் அரைகுறை. மற்றவற்றைவிட அந்தக் காய்களில் ஈரம் கூடுதலாக இருந்திருக்கலாம். பிடித்துவைத்தது செடியா, சுவரா? உறையில் ஏழுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் போட்டுவைத்தேன். அடுத்த விதைப்பில் மூலைக்கு வேறொரு செடி. ஏழின் பிள்ளைகள் கைப்பிடிச் சுவரோரம், காற்று நேராக அடிக்கும் இடத்தில்.